டிரெயிலில் முதல் ஆள், ரேஸில் எத்தனையாவது ஆள்?

கேள்வி: நான்கு வருடமாக 400 சிசி ஸ்போர்ட் குவாட் (ஏடிவி என்கிற, மண்பாதைக்கான நான்கு சக்கர வண்டி) ஓட்டுகிறேன். வார இறுதியில் ஐந்தாறு நண்பர்களோடு காட்டு டிரெயில்தான். கூட்டத்தில் நான்தான் வேகம். வழக்கமாகப் போகும் 6 கி.மீ. பகுதியை ஃபோனில் டைமர் வைத்து 7 நிமிடம் 40 நொடியில் முடிக்கிறேன். மற்றவர்கள் ஒரு நிமிடமாவது பிந்தித்தான் வருகிறார்கள். காடுமேடு வழியே ஓடும் கிராஸ் கன்ட்ரி ஏடிவி ரேஸில் பெயர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். "நீ ஓட்டுவதே ரேஸ்தான், நம்பர் ஒட்டினால் போதும்" என்கிறார்கள் நண்பர்கள். அவ்வளவுதானா? வண்டியில் என்னென்ன மாற்ற வேண்டும்? 14 வயதுத் தம்பியும் என் வண்டிக்குப் பின்னாலேயே நன்றாக ஓட்டி வருகிறான். அவனையும் சேர்க்கலாமா?

பதில்: பெயர் கொடுங்கள். நான்கு வருடம் ஓட்டியிருக்கிறீர்கள், ஆசை இருக்கிறது, கேட்டுவிட்டுச் செய்யும் நிதானமும் இருக்கிறது. ரேஸுக்கு ஆளைத் தயார்ப்படுத்துவதே என் தொழில். உங்களைப் போன்றவர்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரியில்லை. அதைவிட அவசரமான ஒன்று, அந்த ஃபோன் டைமர். ரேஸில் கலந்துகொண்டாலும் சரி, கலந்துகொள்ளாவிட்டாலும் சரி, இந்த வாரத்திலிருந்து அதை நிறுத்திவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 6 கி.மீ.க்கு 7 நிமிடம் 40 நொடி என்றால் சராசரி மணிக்கு 47 கி.மீ. திருப்பங்களில் வேகம் குறையும் என்பதால், நேரான இடங்களில் நீங்கள் 60-ஐத் தொட்டே ஆக வேண்டும். அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. எதிரில் ஏதோ வருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிறகு பொலபொலவென்ற மண்ணில் வண்டி நிற்க இன்னொரு 28 மீட்டராவது வேண்டும். ஆக 53 மீட்டர். எதிரே வருபவரும் உங்களைப் போலவே வேகப் பிரியர் என்றால் அவருக்கும் 53. இருவரும் மோதாமல் நிற்க 106 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் டிரெயிலில் 106 மீட்டர் முன்கூட்டியே தெரிகிற திருப்பம் எத்தனை இருக்கிறது? இதே கணக்கை 40 கி.மீ. வேகத்தில் போட்டால் ஒருவருக்கு 30 மீட்டர், இருவருக்கு 60. பாதிக்கு நெருக்கமாகக் குறைந்துவிடுகிறது. டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வராது. நேற்றைய நேரத்தைவிட இரண்டு நொடி குறைக்க வேண்டும் என்பதுதான் மனதில் நிற்கும்.

ரேஸுக்கும் டிரெயிலுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. டிரெயிலில் வேகத்தை முடிவு செய்வது உங்கள் கண். எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்கேற்ற வேகம். எதிரே நடந்து வருபவர் இருக்கலாம், குதிரையில் வருபவர் இருக்கலாம், நேற்று இல்லாத மரம் இன்று குறுக்கே கிடக்கலாம். ரேஸில் வேகத்தை முடிவு செய்வது முன்னால் போகிறவரும் கடிகாரமும். அதனால்தான் ரேஸ் நடத்துபவர்கள் பாதையை முதலில் மூடிவிடுகிறார்கள். ஒரே திசை. அம்புக்குறியும் ரிப்பனும் கட்டிய தடம். ஆபத்தான இடங்களில் கொடியோடு மார்ஷல். கூப்பிடு தூரத்தில் மருத்துவக் குழு. மறைந்திருக்கும் திருப்பத்துக்குள் ஒரு ரேஸர் முழு வேகத்தில் நுழைகிறார் என்றால், எதிரே யாரும் வர மாட்டார்கள் என்று இத்தனை பேர் சேர்ந்து உறுதி கொடுத்திருப்பதால்தான் நுழைகிறார். அந்த உறுதி இல்லாத இடத்தில் அதே வேகத்தில் போவது சூதாட்டம். உங்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனை திறமை இருந்தாலும் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாதே.

இனி ரேஸுக்குள் வருவோம். முதல் அதிர்ச்சி ஸ்டார்ட்டிலேயே கிடைக்கும். கிராஸ் கன்ட்ரியில் பெரும்பாலும் எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையாக நிற்க வேண்டும். கொடி அசைந்ததும் ஸ்டார்ட் செய்து கியர் போட்டுப் பாய வேண்டும். பக்கத்தில் பத்துப் பதினைந்து வண்டிகள். எல்லோருக்கும் அதே முதல் திருப்பம்தான் குறி. டிரெயிலில் உங்களுக்கு முன்னாலும் பக்கத்திலும் யாரும் இருந்ததில்லை. இங்கே உங்கள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இன்னொருவரின் முன் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். முன்னால் போகும் வண்டியின் பின் டயர்கள் கல்லையும் மண்ணையும் வாரி உங்கள் நெஞ்சில் அடிக்கும். புழுதியில் முன்னால் இருப்பவரின் முதுகு தெரியும், மறையும், மறுபடி தெரியும்.

இந்த இடத்தில் ஒரு சாதனத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குவாடின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கால் வைக்கும் இடத்தில், ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பக்கத்து வண்டியின் சக்கரம் அதற்குள் நுழைந்தால், சுழலும் இரண்டு டயர்களும் தொட்ட மாத்திரத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒரு வண்டி தூக்கி எறியப்படும், அல்லது உங்கள் கால் நடுவில் சிக்கும். அந்த இடைவெளியை அடைக்கும் குழாய்ச் சட்டம்தான் நெர்ஃப் பார். அதோடு வலையும் குதிகால் தடுப்பும் சேர்ந்து வரும். டிரெயிலில் தனியாக ஓட்டும்போது இது எதற்கு என்று தோன்றும். முதல் திருப்பத்தில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே மாட்டும்போது எதற்கு என்று புரியும். இதையும், மணிக்கட்டில் கட்டும் கயிற்று கில் ஸ்விட்சையும் (நீங்கள் விழுந்தால் எஞ்சின் தானே அணைந்துவிடும்) மாட்டாமல் பொதுவாக ரேஸில் சேர்க்கவே மாட்டார்கள். இந்த இரண்டையும் ரேஸுக்குக் காத்திராமல் இன்றே டிரெயில் வண்டியில் மாட்டலாம் என்பது என் கருத்து.

அடுத்தது ஓட்டும் முறை. வேகமான டிரெயில் ரைடர்களை ரேஸ் தடத்தில் பார்க்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது, அவர்கள் சும்மா உருளும் நேரம். நேரான பாதையில் நன்றாக விரட்டுவார்கள். திருப்பம் கண்ணில் பட்டதுமே த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) விட்டுவிடுவார்கள். பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் உருண்டு போய், திருப்பம் முடிந்து பாதை தெரிந்த பிறகு மறுபடி அழுத்துவார்கள். டிரெயிலுக்கு இது மிகச் சரியான பழக்கம். ரேஸில் அந்த உருளும் நேரம் முழுக்க நஷ்டம். அனுபவமுள்ள ரேஸர் ஒன்று த்ராட்டிலில் இருப்பார், இல்லையென்றால் பிரேக்கில் இருப்பார். தாமதமாக, வண்டி நேராகப் போகும்போதே, அழுத்தமாக பிரேக் பிடித்து, சட்டென்று விட்டு, திருப்பத்தின் நடுவிலேயே மறுபடி த்ராட்டிலைத் திறந்துவிடுவார். ஒரு திருப்பத்துக்கு அரை நொடி என்றால், ஒரு லேப்பில் (தடத்தின் ஒரு முழுச் சுற்றில்) 60 திருப்பம் இருந்தால் 30 நொடி. நேரான பாதையில் நீங்கள் எவ்வளவு துணிச்சலாக விரட்டினாலும் அதை ஈடுகட்ட முடியாது. ரேஸைத் துணிச்சல் ஜெயிக்கிறது என்று நினைப்பவர்கள் முதல் லேப்போடு அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

உங்கள் வண்டியின் பின் அச்சையும் நினைவில் வையுங்கள். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஸ்போர்ட் குவாடில் கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில்தான் சுழலும். திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிகத் தூரம் போக வேண்டும், உள் சக்கரம் குறைவாக. இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால், ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினாலும் வண்டி முன்பக்கத்தை நேராகத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். மெதுவாகப் போகும்போது இது அவ்வளவாகத் தெரியாது. ரேஸ் வேகத்தில் இதுதான் உங்களை ரிப்பனுக்கு வெளியே கொண்டுபோய் விடும். பிரேக்கால் எடையை முன்பக்கம் கொண்டுவந்து, உடம்பை உள்பக்கம் சரித்து, வெளிப்பக்க ஃபுட்பெக்கை (கால் வைக்கும் கட்டையை) மிதித்து, த்ராட்டிலால் பின்பக்கத்தைக் கொஞ்சம் வழுக்கவிட்டால் வண்டி தானாகத் திரும்பும். வழுக்கல் பார்ப்பவர்களுக்குப் பகட்டாகத் தெரிந்தாலும், இந்த வண்டிக்குத் திரும்பும் வழியே அதுதான். இதை ஒரு காலி மைதானத்தில் இரண்டு கூம்புகளை வைத்துக்கொண்டு, இரண்டாம் கியரில், இடமும் வலமும் சலிக்கும்வரை பழகுங்கள். இடது திருப்பத்தைவிட வலது திருப்பம் உங்களுக்குக் கஷ்டமாக இருக்க வாய்ப்பு உண்டு. த்ராட்டில் வலது கட்டைவிரலில் இருப்பதால், ஹேண்டில்பார் வலப்பக்கம் வரும்போது மணிக்கட்டு மடங்கி விரலின் அளவு தப்பும்.

கட்டைவிரல் என்றதும் உடம்பு நினைவுக்கு வருகிறது. மூடிய தடத்தில் தாவித் தாவி ஓட்டும் மோட்டோகிராஸ் ரைடர்களை ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், ரேஸ் நேரத்தில் இதயத் துடிப்பு உச்ச அளவின் 90 சதவீதத்தையும் தாண்டி நிற்பது தெரிந்தது. கிராஸ் கன்ட்ரியில் அவ்வளவு உச்சத்தில் இல்லாவிட்டாலும் நேரம் நீளம். அமெரிக்காவின் ஜிஎன்சிசி என்ற கிராஸ் கன்ட்ரி ரேஸ் தொடரில் முன்னணிப் பிரிவினர் சுமார் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறார்கள். நீங்கள் டிரெயிலில் அரை நாள் ஓட்டியிருக்கலாம், ஆனால் நடுநடுவே நின்று தண்ணீர் குடித்து, நண்பர்கள் வரும்வரை காத்திருந்து ஓட்டிய அரை நாள் அது. ஒரு நிமிடம்கூட நிற்காமல் நாற்பது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முன்கை இறுகிக் கல்லாகும், விரல் பிரேக் லீவரைச் சுற்ற மறுக்கும். இதை ஆர்ம் பம்ப் என்கிறார்கள். பயத்தில் ஹேண்டில்பாரை நெரித்துப் பிடிப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். முழங்காலால் டேங்க்கைப் பற்றி, கையைத் தளர்த்தி ஓட்டக் கற்றுக்கொள்வதுதான் நிவாரணம். சைக்கிளோ ஓட்டமோ வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஜிஎன்சிசி தொடரில் பில் பாலன்ஸ் என்பவர் 2000 முதல் 2008 வரை தொடர்ந்து ஒன்பது முறை சாம்பியன் ஆனார். இரண்டு மணி நேரப் பந்தயங்களை ஒரு சீசன் முழுக்க ஓட்டி, அதை ஒன்பது வருடம் செய்ய வேண்டும் என்றால், விழாமல், வண்டியை உடைக்காமல், கடைசி லேப்பிலும் முதல் லேப் மாதிரியே ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு 6 கி.மீ. பகுதியில் ஒரே ஒரு தடவை அடித்த நல்ல நேரத்துக்கு இந்த உலகத்தில் மதிப்பில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

நண்பர்கள் சொன்ன "நம்பர் ஒட்டினால் போதும்" என்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. ரேஸ் என்பது ஒரே விளையாட்டு கிடையாது. மோட்டோகிராஸில் மூடிய தடம், பெரிய தாவல்கள், கால் மணி நேரம் போல நீளும் ஓட்டம்; தாவத் தெரியாதவர் அங்கே போகக் கூடாது. பாலைவன ரேலி வேறு உலகம். டக்கார் ரேலியில் 2009 முதல் 2024 வரை குவாடுக்குத் தனிப் பிரிவு இருந்தது. அர்ஜென்டினாவின் பத்ரோனெல்லி சகோதரர்கள் இருவரும் சேர்ந்து அதில் ஐந்து பட்டம் வாங்கினார்கள். அங்கே வழிகாட்டும் ரோட்புக்கை ஓட்டிக்கொண்டே படித்து, இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க வேண்டும். காட்டுப் பாதையில் பழகிய உங்களுக்குக் கிராஸ் கன்ட்ரிதான் இயல்பான வாசல். நல்ல தேர்வு.

வண்டியில் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எஞ்சினில் கை வைக்க வேண்டாம். முதல் வருடம் எக்ஸாஸ்ட், பிஸ்டன், கேம் என்று செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பணம் சஸ்பென்ஷனை உங்கள் எடைக்கேற்ப அமைக்கவும், நல்ல டயருக்கும், ஹெல்மெட், கழுத்துக் காப்பு, நெஞ்சுக் கவசம், கண்ணாடி, பூட்ஸுக்கும் போக வேண்டும். வண்டியின் அகலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம்: யமஹா தன் ஒய்எஃப்இசட்450ஆர் மாடலைச் சுமார் 124 செ.மீ. அகலத்தில் 2009-இல் கொண்டுவந்தது. அடுத்து வந்த 450எக்ஸ் மாடல் சுமார் 117 செ.மீ. அகலம்தான். முதலாவது மோட்டோகிராஸ் தடத்தில் கவிழாமல் நிற்க, இரண்டாவது மரங்களுக்கு நடுவே நுழைய. ஏழு செ.மீ.தான், ஆனால் இரண்டு மரத்துக்கு நடுவே மாட்டுகிறவருக்கு அது ஏழு செ.மீ. மாதிரி இருக்காது. உங்கள் வண்டியின் அகலத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அகலப்படுத்தும் உதிரிகளை வாங்காதீர்கள்.

டயர் காற்றை 4 முதல் 6 பிஎஸ்ஐக்குள் வைத்து, சிறிய அளவைக் காட்டும் கேஜால் பார்க்க வேண்டும். கார் கேஜில் அந்த அளவு சரியாகத் தெரியாது. ஏர் ஃபில்டரை ஒவ்வொரு ரேஸுக்கும் கழுவி எண்ணெய் தடவுங்கள். பராமரிப்பைக் கிலோமீட்டரில் கணக்கிடும் பழக்கத்தை விட்டு, ஓடிய மணி நேரத்தில் எழுதி வையுங்கள். ரேஸில் ஒரு மணி நேரம் எஞ்சின் படும் பாடு, டிரெயிலில் பல மணி நேரத்துக்குச் சமம். ரேஸுக்கு முந்தைய நாள் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் போகாதீர்கள்.

கொடிகளைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்டார்ட் வரிசையில் நிற்கக் கூடாது. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து. முந்தக் கூடாது, தாவக் கூடாது. சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம். நீலம் என்றால் உங்களைவிட ஒரு லேப் கூடுதலாக முடித்துப் பின்னால் வருபவருக்கு வழி விடுங்கள். வெள்ளை என்றால் கடைசி லேப். சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி தெரிந்தால் தடத்தில் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு அமைப்பின் விதியிலும் சிறு மாறுபாடு இருக்கும், ஆகவே காலையில் நடக்கும் ரைடர் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். பல பத்திரங்களில் பந்தயத்தில் நேரும் காயத்துக்கு இழப்பீடு கிடையாது.

பெயர் கொடுக்கும்போது தொடக்கக்காரர்களுக்கான சி பிரிவையே எடுங்கள். நண்பர் கூட்டத்தில் முதல் ஆள் என்ற நினைப்பில் அதற்கு மேலே உள்ள பி பிரிவுக்குப் போகிறவர்கள் பலர். அங்கே பின்னாலிருந்து வருபவர்களுக்கு வழி விடுவதிலேயே நாள் போய்விடும், எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். முதல் ரேஸுக்கு ஒரே இலக்கு: முடிவுக் கொடி வரை வண்டியைக் கொண்டுவந்து சேர்ப்பது. ஸ்டார்ட்டில் வரிசையின் ஓரமாக நில்லுங்கள். முதல் திருப்பத்தில் நாலைந்து பேரை முன்னால் விட்டுவிட்டு, புழுதி அடங்கியதும் ஒருவர் ஒருவராகப் பிடியுங்கள். இரண்டாம் லேப்பிலிருந்து பாதை மாறியிருக்கும். எல்லோரும் போன தடத்தில் பள்ளமும் வேரும் வெளியே வந்திருக்கும். ஒரு அடி தள்ளி, யாரும் மிதிக்காத ஓரத்தில் பல சமயம் நல்ல வழி கிடைக்கும். அதைத் தேடும் கண் உங்களுக்கு டிரெயிலிலிருந்தே வந்திருக்கும். மோட்டோகிராஸ் தடத்தில் மட்டும் பழகியவர்களைவிட அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் முன்னால் இருப்பீர்கள்.

ரேஸுக்குப் பிறகு வரும் முதல் டிரெயில் நாளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தாமதமாக பிரேக் பிடிக்கவும் திருப்பத்தின் நடுவில் த்ராட்டில் திறக்கவும் கை பழகியிருக்கும். பாதையோ இன்னும் இரு வழிதான். அன்றைக்கு வேண்டுமென்றே ஒரு கியர் மேலே போட்டு, எஞ்சினைச் சோம்பலாக ஓட விடுங்கள். வேகத்துக்கு இனி வேறு இடம் இருக்கிறது, அதற்கென்று ஒரு நாளும் இருக்கிறது.

கடைசியாகத் தம்பி. இதை நீங்கள் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். அவன் உங்கள் பின்னாலேயே வருகிறான் என்றால், அவன் வேகத்தை முடிவு செய்வது அவன் கண் கிடையாது, நீங்கள்தான். புழுதியில் உங்கள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு, அண்ணனை விட்டுவிடக் கூடாது என்று ஓட்டுகிறான். நீங்கள் டிரெயில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் ரேஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறான், மூடாத பாதையில், மார்ஷல் இல்லாமல். அவன் வேகத்துக்கு நீங்கள் இறங்கி வாருங்கள். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, அவன் வந்து சேர்ந்து மூச்சு வாங்கிய பிறகு கிளம்புங்கள்.

அவன் ஓட்டும் வண்டியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை ஸ்டிக்கரையும் படியுங்கள். பெரியவர்களுக்கான குவாடில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஓட்டக் கூடாது என்று எழுதியிருக்கும். குவாடைத் திருப்புவதில் உடல் எடைக்குப் பெரும் பங்கு உண்டு. 14 வயது உடம்பு சரிந்தாலும் அவ்வளவு கனமான வண்டி அதை மதிக்காது. அவன் ஓட்டுவது அப்படிப்பட்ட வண்டி என்றால் சாவியை வாங்கி வைத்துவிட்டு, அவன் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற சிறிய வண்டியைத் தேடுங்கள். அந்த வண்டிகளுக்கென்றே ரேஸ்களில் சிறுவர் பிரிவுகள் இருக்கின்றன, அவனைச் சேர்க்க வேண்டியது அதில்தான். படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அம்மா அப்பாவிடம் இப்போதே பேசிவிடுங்கள்.